தலைவர் வீட்டில் நடக்காத கூட்டம்

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தாற்போல இருக்கும் ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கி உங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி யோசியுங்கள் என்று சென்னையிலிருந்து சொல்லியனுப்பியபோது நஜிமுதீனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சொந்த ஊரில் உட்கார்ந்து ஒன்பது வருஷமாக எதையும் யோசிக்காத ஐந்து பேரைக் கடல்காற்று யோசிக்க வைத்துவிடும் என்று நம்புகிறவன் எவனோ, அவன் உத்திரமேரூர்ப் பக்கமே வந்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

நஜிமுதீனுக்கு பஜார் தெருவில் சிமெண்டு, கம்பி, பெயிண்டு விற்கிற கடை. ஊருக்கு வெளியே ஏரியோரம் இருந்த, காதுகேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கு அவர் ஓர் அறங்காவலர். அந்தப் பதவி எப்படி வந்தது என்பதில் அவருக்கு எந்த மயக்கமும் இல்லை. பெரிய நிலக்காரரான வேதாசலம் தன் அப்பா பெயரில் அறக்கட்டளை ஆரம்பித்தபோது, எல்லா மதமும் இருந்தால் பார்க்க நன்றாயிருக்கும் என்று ஒரு பாயைத் தேடினார். கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து இவரிடம் வந்தார். படித்தவர் ஒருவர் வேண்டுமென்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சொக்கம்மாளைச் சேர்த்தார். தான் வாய் திறக்குமுன் ஆமாம் சொல்ல ஆள் வேண்டுமென்று ரைஸ்மில் பாண்டுரங்கனைச் சேர்த்தார். பள்ளிக்கு உதவி செய்கிற சென்னைக்காரர்கள், பிள்ளையைப் பெற்றவர் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்ததால், அங்கே படிக்கிற அஞ்சலையின் அம்மா முனியம்மாளும் கடைசியில் வந்து சேர்ந்தாள். வேதாசலம் தலைவர். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வீடு அவருடையது, அதனால் தலைவரும் அவர்.

கூட்டமெல்லாம் அவர் வீட்டுக் கூடத்தில்தான். முதலில் கேசரியும் பஜ்ஜியும் வரும், அப்புறம் வெள்ளி டம்ளரில் காபி வரும், அதற்கப்புறம் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தலைவர் விரலால் காட்டுவார். வேதாசலத்துக்குச் சாய்வு நாற்காலி. மற்ற மூவருக்கும் மர நாற்காலி. முனியம்மாள் கூடத்துக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தை ஒட்டி நின்றிருப்பாள். அவளுக்குக் காபி எவர்சில்வர் டம்ளரில் வரும். இதையெல்லாம் நஜிமுதீன் கவனித்திருந்தார். கவனித்ததோடு சரி. பஜ்ஜி நன்றாயிருக்கும்.

ஊரறிந்த விஷயம் ஒன்று உண்டு. ஊரே அதைப் பேசாமலிருந்தது. பள்ளிக்கூடம் இருந்த நிலம் ஏரிக்கு உள்வாயில், தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் இருந்தது. மழை பொய்த்த காலத்தில் ஏரி சுருங்கச் சுருங்க, வேதாசலத்தின் அப்பா வரப்பை உள்ளே நகர்த்திக்கொண்டே போய்ப் பயிர் வைத்தார். நாலைந்து முறை பயிர் அழுகிப் போனதும், அந்த நிலத்தைக் காதுகேளாத பிள்ளைகளுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுப் புண்ணியவான் ஆனார். ஒவ்வொரு ஐப்பசியிலும் ஏரி தன் இடத்தைக் கேட்டு வந்துவிடும். வகுப்பறைக்குள் தண்ணீர் ஏறும். உடனே வேதாசலத்தின் டிராக்டர் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து அவர் களத்துக் கொட்டகையில் இறக்கும். சோறு போடுவார், போர்வை கொடுப்பார், பேப்பரில் போட்டோ வரும். தண்ணீரில் கொண்டுபோய் வைத்ததும் அந்தக் குடும்பம், காப்பாற்றிய பேரும் அந்தக் குடும்பத்துக்கே. இப்படி ஒரு வியாபாரம் தனக்கு அமையவில்லையே என்று நஜிமுதீன் பல தடவை நினைத்ததுண்டு.

இது நடந்தது இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், ஆவணி மாதம். சென்னையிலிருந்து வந்த கடிதத்தில் ரிட்ரீட் என்ற வார்த்தையைத் தலைவர் படித்துக் காட்டியதும் பாண்டுரங்கன் முகம் மலர்ந்தது.

"ட்ரீட்டா? அப்ப சாப்பாடு அவுங்களுதா தலைவரே?"

"ஓய்வு முகாம்யா. ரெண்டு நாளு அங்கயே தங்கி, நம்ம நிர்வாகத்தப் பத்தி நாமளே பேசணுமாம்."

"பேசறதுக்கு இன்னா கீது? நல்லாத்தான நடந்துக்கினு கீது," என்றார் பாண்டுரங்கன்.

"அதான. ஆனா போவலன்னா அடுத்த வருசம் ஒதவி இல்லங்கறான். போய்ட்டு வந்துரலாம். பாய், இன்னா சொல்றீங்க?"

"கடல் பாத்து நாளாச்சு," என்றார் நஜிமுதீன்.

வேதாசலத்தின் டாட்டா சுமோவில் ஐந்து பேரும் போனார்கள். விடுதி சவுக்குத் தோப்புக்குள் இருந்தது. குளிர்பதனம் செய்த கூடத்தில் ஒரே மாதிரியான வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். முகாம் நடத்த டை கட்டிய ஆள் யாராவது வருவான் என்று நஜிமுதீன் எதிர்பார்த்திருந்தார். வந்தது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். பெயர் சனோபர். வந்ததும் அவருக்கு சலாம் சொல்லி, "மாமு" என்று கூப்பிட்டாள். கூட வந்தவர்கள் நாலு பேரும், ஓகோ இது பாயின் சொந்தக்காரப் பெண் என்கிற மாதிரி அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"உத்திரமேரூர்காரங்களுக்கு நான் என்ன சொல்லித் தர முடியும்?" என்று சனோபர் ஆரம்பித்தாள். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே குடவோலைல தேர்தல் நடத்தின ஊரு உங்க ஊரு."

வெளியூரிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் இதைத்தான் சொல்வார்கள். பேங்க் மேனேஜர் சொல்வார், பூச்சிமருந்து கம்பெனி ஏஜெண்டு சொல்வான், பெண் பார்க்க வருகிறவர்கள்கூடச் சொல்வார்கள். கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, ஒரு தலைவரை மாற்ற வக்கில்லாமல் ஒன்பது வருஷம் பஜ்ஜி தின்ற கதையை அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது?

அப்புறம் விளையாட்டு. ஒரு கம்பளி நூல்கண்டை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து, பிடித்தவர் தன்னைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொல்ல வேண்டும். எழுபது வயதை நெருங்கும் சொக்கம்மாள் நூலில் சிக்கிக்கொண்டார். பாண்டுரங்கன் கண்டை ஒவ்வொரு தடவையும் தலைவருக்கே எறிந்தார். அது முடிந்ததும் கையில் ஒரு சங்கு வந்தது. சங்கு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். வேதாசலம் அதை வாங்கிக்கொண்டு, அப்பா ஏன் நிலம் கொடுத்தார், எப்படிக் கொடுத்தார், கொடுத்தபோது என்ன சட்டை போட்டிருந்தார் என்று சாப்பாட்டு மணி அடிக்கிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். சனோபர் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். இந்தப் பெண்ணை நம்பி எந்த மடையன் பள்ளிக்கூடத்தைத் திருத்த அனுப்பினான் என்று நஜிமுதீன் யோசித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அவள் ஆளுக்கொரு பெரிய வெள்ளைத் தாளும் கலர் மெழுகுக் குச்சிகளும் கொடுத்தாள்.

"உங்க ஸ்கூல வரைங்க. பேசக் கூடாது. பக்கத்துல இருக்கறவங்க தாளயும் பாக்கக் கூடாது. நல்லா இருக்கணும்னு இல்ல."

ஆளுக்கொரு மூலையில் போய்க் குனிந்து உட்கார்ந்தார்கள். பாலர் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள் என்று நஜிமுதீன் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு பெட்டி போட்டார். கதவு, ஜன்னல், கொடிக்கம்பம். அத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து பொங்கிக்கொண்டிருந்த வெறுப்பு எங்கேயாவது இறங்க வேண்டியிருந்தது. நீலக் குச்சியை எடுத்து, ஜன்னலுக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே இருந்ததையெல்லாம் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். குச்சி இரண்டாக முறிந்தது. இப்படி வரைகிற துணிச்சல் மற்ற நாலு பேரில் யாருக்கும் வராது என்பதில் அவருக்கு ஒரு கர்வமே வந்தது.

சனோபர் எல்லாத் தாளையும் வாங்கிச் சுவரில் வரிசையாக ஒட்டினாள்.

முதல் தாள் வேதாசலத்துடையது. அதில் பள்ளிக்கூடமே இல்லை. பள்ளி வாசலில் இருக்கிற அவர் அப்பாவின் மார்பளவு சிலை, கழுத்தில் மாலையோடு, தாளை நிறைத்துக்கொண்டு இருந்தது. மற்ற நாலு தாளிலும் நீலம். சொக்கம்மாள் ஸ்கேல் வைத்ததுபோலக் கட்டடம் போட்டு, வாசற்படிகளை நீலத்துக்குள் முக்கியிருந்தார். முனியம்மாள் கட்டடமே போடவில்லை. ஒரு டிராக்டர், அதில் நிறைய சின்னத் தலைகள், சுற்றிலும் நீலம். பாண்டுரங்கனின் கட்டடத்தைச் சுற்றி நீலமாக அலையடித்தது. அதில் இரண்டு வாத்து வேறு நீந்தியது.

நஜிமுதீன் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். தன் ஒருவன் தலைக்குள் மட்டும்தான் அந்தத் தண்ணீர் இருக்கிறது என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தார். மற்றவர்களைக் குருடர்கள் என்று இகழ்வதற்கு அது வசதியாக இருந்தது. எல்லோருக்கும் கண் இருந்திருக்கிறது. அப்படியானால் இவர்கள் அவர் நினைத்ததைவிட மட்டமானவர்கள். அந்தக் கணக்கில் அவரும் சேர்த்தி.

"நாலு பேரு ஒரே கலர எடுத்திருக்கீங்க. ஏன்?" என்று சனோபர் கேட்டுச் சங்கைப் பாண்டுரங்கனிடம் கொடுத்தாள்.

"அது ஆகாசம் மேடம்."

"ஆகாசம் கீழயா இருக்கு?"

"கீழயும் கொஞ்சம் தெரியுமில்ல," என்றார் பாண்டுரங்கன், தலைவரைப் பார்த்துக்கொண்டே.

சொக்கம்மாள், செடிக்குத் தண்ணீர் விட்டதாகச் சொன்னார். முனியம்மாள், வேறு கலர் கிடைக்கவில்லை என்றாள். சங்கு நஜிமுதீனிடம் வந்தது.

"நீலத்துல டிஸ்டெம்பர் அடிச்சா நல்லா இருக்கும்னு நெனச்சேன்," என்றார் அவர். சொன்ன வேகத்தைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. பாண்டுரங்கனாவது கொஞ்சம் திணறினான்.

சனோபர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் எந்தத் தந்திரமும் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"போன மாசம் நான் ஸ்கூலப் பாக்க வந்தப்ப, பக்கத்துல ஏரி இருந்துச்சு. மழை பெஞ்சா ஏரி ஸ்கூலுக்குள்ள வந்துருமா மாமு?"

"ஏரி ஸ்கூலுக்குள்ள வர்றதில்ல," என்றார் நஜிமுதீன். "ஸ்கூலுதான் ஏரிக்குள்ள கீது."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே அது கேட்டது.

"இன்னா சொன்ன?" என்றார் வேதாசலம். ஒன்பது வருஷத்து 'நீங்கள்' ஒரே நொடியில் 'நீ' ஆனது.

"உள்ளதத்தான் சொன்னேன்."

"எங்க நைனா குடுத்த நெலம்யா அது."

"உங்க நைனா குடுத்தாரு. ஏரிய யாரு கேட்டா?"

வேதாசலம் மற்றவர்களைப் பார்த்தார். எப்போதும்போல யாராவது குறுக்கே விழுந்து சமாதானம் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். பேசியது முனியம்மாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், எழுந்திருக்காமலே பேசினாள்.

"போன ஐப்பசில எம்பொண்ணு பெஞ்சு மேல ஏறி நின்னுக்கினு இருந்துச்சி. அதுங்களுக்குப் பின்னாடி தண்ணி வர்ற சத்தம் கேக்காது. காலு நனைஞ்சாத்தான் தெரியும். ராவுல வந்தா இன்னா பண்றது?"

சொக்கம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "எனக்கும் அந்தப் பயந்தான்," என்றார் மெதுவாக. "ரொம்ப நாளா."

வேதாசலம் எழுந்தார். "பாயும் பாயி வூட்டுப் பொண்ணும் சேந்து நல்லாத்தான் ஏற்பாடு பண்ணியிருக்கீங்க," என்றார். சனோபருக்கு முகம் சுண்டிப் போனது. அவர் நேராகப் போய்த் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு, டிரைவரைக் கூப்பிட்டுச் சுமோவில் ஏறிப் போய்விட்டார். நாலு பேரும் ஜன்னலில் நின்று, தாங்கள் வந்த வண்டி தங்களை விட்டுவிட்டுச் சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போவதைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை நாஷ்டாவை முடித்துவிட்டு அதே வட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலி காலி. சட்டாம்பிள்ளை இல்லாத வகுப்பு மாதிரி ஆகிவிட்டது. ஆளாளுக்குப் பேசினார்கள். ஐப்பசிக்கு முன்னால் பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றியே தீர வேண்டும் என்று முடிவானது. எங்கே என்ற கேள்வி வந்ததும் பாண்டுரங்கன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, மூடிக் கிடக்கிற தன் ரைஸ்மில்லைக் கொடுப்பதாகச் சொன்னார். நெல் காய வைக்கிற சிமெண்டுத் தரை, பெரிய கொட்டகை, உயரமான இடம். சனோபர் கைதட்டினாள். அந்த நிமிஷம் அவர் உடம்பே ஒரு சுற்றுப் பெருத்தது. வாத்து வரைந்தவனுக்கு வந்த வீரத்தைப் பார் என்று நஜிமுதீன் நினைத்தார். ஆனால் முடிவை எழுதிய தாளில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது பஸ். செங்கல்பட்டு வரைக்கும் பாண்டுரங்கன்தான் பேசிக்கொண்டு வந்தார். மாறி ஏறியதும் பேச்சுக் குறைந்தது. உத்திரமேரூர் நெருங்க நெருங்க அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்குமுன் பின்படி வழியாக இறங்கி, யாரிடமும் சொல்லாமல் போனார். தலைவர் வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

அடுத்த வாரம் தலைவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது, கூட்டம் என்று. நஜிமுதீன் போனார். கூடம் அப்படியே இருந்தது. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. வேதாசலம் கோபமே இல்லாத முகத்தோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். முனியம்மாள் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அங்க பேசுனதெல்லாம் ஒரு வெளாட்டுக்குப் பேசுனது," என்றார் வேதாசலம். "அந்தப் பொண்ணு கலர் குச்சி குடுத்துச்சி, நாமளும் கொழந்தைங்க மாதிரி வெளாடுனோம். வெளாட்ட வெளாட்டா எடுத்துக்கறதுதான் பெருந்தன்மை. பாண்டு, மில்ல இன்னாவோ குடுக்கறேன்னியாமே?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் தலைவரே. மில்லுல மிசினு கீது. கொழந்தைங்க கைய வுட்டா பேஜாரு."

அந்த மில்லில் மிஷின் கழற்றி விற்றுப் பல காலம் ஆகிறது. சொக்கம்மாள் தட்டைப் பார்த்துக்கொண்டு, "எதையும் அவசரமா செய்ய வேணாம்னு எனக்கும் தோணுது," என்றார்.

"பாய்?"

நஜிமுதீன் கையில் பாதி கடித்த பஜ்ஜி இருந்தது. பதில் சொல்ல வேண்டும். கடலோரத்தில் தானாக வந்து விழுந்த வார்த்தை இங்கே வரவில்லை. இவர் வீட்டு எண்ணெய் உதட்டில் பளபளக்க, இவரை எப்படி எதிர்த்துப் பேசுவது? அந்த விடுதியில் சங்கும் நூலும் செய்யாத ஒரு காரியத்தை, யாருடையதும் அல்லாத அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி செய்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன? அவர் பஜ்ஜியை மென்றார்.

"அப்ப எல்லாருக்கும் சம்மதம்," என்றார் தலைவர்.

"எனக்கு இல்லீங்க," என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். இந்த வீட்டில் முனியம்மாளின் குரலை அவர்கள் கேட்டதில்லை.

"அங்க குந்திக்கினு பேசுனேன். இங்க நிக்க வெச்சி, எங்கிட்ட கேக்காமலே சம்மதம்னு எழுதறீங்க. எழுதிக்குங்க. எம்பொண்ண நான் இட்டுக்கினு போறேன்." செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் குரல் உயரவே இல்லை.

அன்றைக்கே அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் தெருவிலிருந்து படித்த இன்னும் இரண்டு பிள்ளைகள் மறுநாள் போனார்கள். அப்புறம் திருமுக்கூடல் பக்கத்துப் பிள்ளைகளைத் தேடி அவர்களைப் பெற்றவர்கள் வந்தார்கள். முனியம்மாள் யாரையும் கூட்டம் கூட்டிக் கூப்பிடவில்லை. சந்தையிலும் வயலிலும் பார்த்தவர்களிடம், பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்டாளாம். வாரக் கடைசியில் டீச்சர்கள் காலி வகுப்பில் உட்கார்ந்து நெயில்பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேதாசலம் ஆள் அனுப்பினார். மழை முடிந்து அனுப்புகிறோம் என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில்.

நஜிமுதீனுக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சாயங்காலம், அதுவரை போகாத அந்தத் தெருவுக்கு மொபெட்டில் போனார். முனியம்மாள் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அஞ்சலை அவர் மொபெட்டின் விளக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங் கடை மேல மாடி காலியா கீது," என்றார். "பொழக்கடைல சமையல் கட்டிக்கலாம். புள்ளைங்கள அங்க கொண்டாந்துரலாம்."

"கீழ கம்பி வெட்டிக்கினு இருப்பீங்களே."

"அதுங்களுக்கு இன்னா கேக்கப்போவுது?"

முனியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்க ஒண்ணு பேசுனீங்க. இங்க வந்து துன்னுக்கினு சும்மா இருந்தீங்க. நாளைக்கி அவரு மறுபடியும் பஜ்ஜி குடுத்தா?"

அவருக்கு முகம் சுட்டது.

"குடுத்தா துன்னுவேன்," என்றார். "என் லட்சணம் அவ்ளோதான். அதுக்குத்தான் இப்பவே சாவிய உங்கிட்ட குடுத்துட்டுப் போறேன்."

சாவியை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

புரட்டாசி முடிவதற்குள் பள்ளி மாடிக்கு வந்துவிட்டது. சனோபர் சென்னையில் பேசிச் சம்மதம் வாங்கினாள். வேதாசலத்துக்கு வேண்டியவர்கள் சிமெண்டு வாங்க மதுராந்தகம் போக ஆரம்பித்தார்கள். கீழே கம்பி அறுக்கும்போதெல்லாம் பிள்ளைகள் மேலே தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தையும் உள்ளங்கையையும் வைத்து அந்த அதிர்வைக் கேட்டுக்கொண்டு சிரித்தார்கள். அறுப்பது நின்றால் காலால் தரையை உதைப்பார்கள், மறுபடியும் அறு என்று. கடைக்கு வந்தவர்கள் தலைக்கு மேல் என்ன இடி என்று பயந்தார்கள். தொல்லை என்று நஜிமுதீன் வாயால் சொல்லிக்கொண்டே, வெட்ட வேண்டாத கம்பியையும் சில நாள் வெட்டச் சொன்னார்.

அந்த வருஷ மழை யாரும் மறக்க முடியாத மழை. கார்த்திகையில் ஒரு விடியற்காலை, சொல்லாமல் கொள்ளாமல் ஏரி நிரம்பியது. பழைய பள்ளியில் தண்ணீர் ஜன்னலைத் தாண்டியது. பின்சுவர் சரிந்தது. களத்துக்குப் போகிற பாதையே முழுகிக் கிடந்ததால் டிராக்டர் அந்தப் பக்கம் போகவே முடியவில்லை. கரையில் குடை பிடித்துக்கொண்டு ஊரே நின்று பார்த்தது. வேதாசலமும் வந்து நின்றார். அவர் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே நின்றதை நஜிமுதீன் பார்த்தார். மனுஷனுக்கு இப்போதாவது உறைத்ததே என்று ஒரு நிமிஷம் இரக்கம் வந்தது.

அந்த இரக்கம் தை மாதம் வரைக்கும்தான் நீடித்தது. காஞ்சிபுரத்தில் ஒரு சங்கத்தார் வேதாசலத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து, சொந்த அப்பா கொடுத்த இடம் என்றும் பாராமல் பிள்ளைகளை மாற்றிய தீர்க்கதரிசி என்றார்கள். அவர் மைக்கைப் பிடித்து, ஓய்வு முகாமின் அருமையைப் பற்றி நெடுநேரம் பேசினார். அன்றாடக் கவலைகளை விட்டு விலகிப் போய்க் கடலோரத்தில் உட்கார்ந்தபோதுதான் தனக்கு அந்தத் தெளிவு பிறந்தது என்றார். ஒவ்வொரு அறக்கட்டளையும் வருஷம் ஒருமுறை இப்படிப் போக வேண்டும் என்றார். பாண்டுரங்கன் முதல் வரிசையில் கைதட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சனோபர் நஜிமுதீனைப் பார்த்தாள். அவர் செருப்புக்குள் விரலை மடக்கிக்கொண்டு மேடையையே பார்த்தார். ஆள் பொய் சொன்னாலும், சொன்ன விஷயம் பொய்யில்லை என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்த கூட்டம் கடை மாடியில். பள்ளி அங்கே இருந்ததால் வேறு வழியில்லை. முனியம்மாள் முதலில் வந்து பிள்ளைகளின் பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். வேதாசலம் மூச்சு வாங்க மாடியேறி வந்து சாய்வதற்கு இடம் தேடினார். கிடைக்கவில்லை. அவரும் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். வீட்டிலிருந்து நஜிமுதீனின் மனைவி வகிதா சமோசாவும் டீயும் கொடுத்தனுப்பியிருந்தாள்.

பழைய கட்டடத்தில் மிஞ்சிய மேஜை நாற்காலிகளை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. விற்றுவிடலாமா என்று நஜிமுதீன் கேட்க வாயெடுத்தார். முடிக்கவில்லை.

"பாய் சொன்னா சரிதான்," என்றார் பாண்டுரங்கன், சமோசாவை ஊதிக்கொண்டே.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் பாய்."

சொக்கம்மாளும் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். நஜிமுதீன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பினால் முதலில் தன் மேல்தான் விழும் என்றும் தெரிந்தது, ஏனென்றால் பாண்டுரங்கன் அப்படிச் சொன்னதும் உள்ளுக்குள் ஒரு மூலை இதமாகக் குளிர்ந்ததை அவர் உணர்ந்திருந்தார். பெஞ்சின் ஓரத்திலிருந்து முனியம்மாள் அவரையே கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டிலிருந்த சமோசாவைத் தொட்டிருக்கவில்லை.

அவர் எழுந்து கீழே போய், கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த போனை எடுத்துச் சனோபருக்கு அடித்தார்.

"மகளே, அந்த ரிட்ரீட்ட மறுபடியும் வைக்கணும்."

"அடுத்த வருஷம்தான் மாமு பட்ஜெட்ல இருக்கு."

"அதெல்லாம் முடியாது. இந்த மாசமே வை. கடலு வேணாம், கேசரி வேணாம். ஏதாவது மரத்தடியா இருந்தாலும் போதும். எங்கள்ல யாருக்கும் சொந்தமில்லாத எடமா மட்டும் பாரு."

"எதப் பத்திப் பேசணும் மாமு?"

"என்னப் பத்தி," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.